ரெஃபரல் தொகை யாருடைய பணம்? கார் விற்பனை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் கார் விற்பனை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், அத்தொழில் தொடர்பாக வரும் கடிதங்களை ஆசிரியர் குழு என்னிடம் அனுப்பிவைக்கிறது. இம்முறை வந்தவற்றுள் மூன்று கடிதங்கள், கார் வாங்க ஆள் அனுப்பிவைப்பவருக்கு ஷோரூம் தரும் ரெஃபரல் (பரிந்துரை) தொகை என்ற ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கார் வாங்கியபோது, ‘வேறு யாரையாவது அனுப்பிவைத்தால் 5,000 ரூபாய் தருவோம்’ என்று ஷோரூம் விற்பனையாளர் சொன்னார். அண்மையில் என் சம்பந்தி வீட்டார் என் பேச்சைக் கேட்டு அங்கேயே கார் எடுத்தார்கள். இப்போது கேட்டால், ‘உங்கள் பெயர் பதிவில் இல்லை’ என்கிறார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: ஏமாற்றம் என்று முடிவுகட்டுவதற்கு முன், பதிவு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் ஷோரூமுக்குள் நுழைந்தாலும், தொலைபேசியில் விலை கேட்டாலும், கார் நிறுவனத்தின் இணையதளத்தில் தம் எண்ணைக் கொடுத்தாலும், அது ‘என்கொயரி’ என்ற பெயரில் கணினியில் ஏறிவிடும். அவர் எந்த வழியில் வந்தார் என்பதும் அப்போதே குறிக்கப்படும். உங்கள் சம்பந்தி வீட்டில் யாராவது ஒருவர் முதலில் இணையதளத்தில் விலை பார்த்து எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த என்கொயரி இணையத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். பின்னர் நீங்கள் சொன்னதால்தான் அவர்கள் அந்த ஷோரூமைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மையாக இருந்தாலும், கணினிக்கு அது தெரியாது. ஆகவேதான் பல ஷோரூம்களில், புக்கிங் எழுதுவதற்கு முன்பே பரிந்துரைத்தவரின் கைபேசி எண்ணையும் வண்டி எண்ணையும் எழுதித் தரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். புக்கிங் ரத்தாவது வழக்கம் என்பதால், கார் டெலிவரியாகி முழுத்தொகையும் வந்துசேர்ந்த பிறகே பரிந்துரைத் தொகையைத் தருவார்கள். சில இடங்களில் அது பணமாக இராது. சர்வீஸ் கூப்பனாகவோ சீட் கவர் போன்ற உபரிப் பொருளாகவோ இருக்கும்.

சம்பந்தி வீட்டாரின் புக்கிங் படிவத்தை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால், அதன் நகலுடன் விற்பனை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். பெயர் இல்லாவிட்டால், அந்த விற்பனையாளர் அன்று சொன்னது நிறுவனத்தின் திட்டமா அல்லது அவராகவே தந்த வாக்கா என்று கேளுங்கள்; வாட்ஸ்அப் செய்தி ஏதேனும் இருந்தால் அது உங்களுக்குத் துணை நிற்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவரையே நுகர்வோர் என்கிறது. இந்த 5,000 ரூபாய் விஷயத்தில் நீங்கள் வாங்கியவராக இல்லாமல் ஆள் சேர்த்துவிட்டவராக நிற்பதால், அந்த வழி உங்களுக்கு வலுவானது என்று நான் சொல்லமாட்டேன்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனம் ஒருவருக்குத் தரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2% வருமான வரி பிடித்தம் உண்டு. 2024 அக்டோபருக்கு முன் இந்த விகிதம் 5% ஆகவும், 2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 15,000 ரூபாயாகவும் இருந்தன. பான் எண் தராவிட்டால் 20% பிடித்துவிடுவார்கள். பிடித்தம் இல்லாத சிறிய தொகையும் வருமானமே. கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். காரைக்குடியில் ஒரு கார் ஷோரூமில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். மாதம் 14,000 ரூபாய் சம்பளம், அதற்கு மேல் இன்சென்டிவ். ‘ஆள் கூட்டிவரும் டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உன் கையிலிருந்துதான் கொடுக்கவேண்டியிருக்கும், மிச்சம் ஒன்றும் நிற்காது’ என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். சேரலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: சேரலாம். ஆனால் சேர்வதற்கு முன், உங்கள் நண்பர்கள் சொன்னதில் உள்ள உண்மையைப் புரிந்துகொண்டு சேருங்கள்.

இன்சென்டிவ் என்பது பெரும்பாலும் படிப்படியாக ஏறுவது. மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை ஒன்றும் இராது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு காருக்கும் தொகை கூடும். புக்கிங் எத்தனை எழுதினீர்கள் என்று பார்க்கமாட்டார்கள், அந்த மாதத்துக்குள் பில் போட்டு டெலிவரியான கார்களையே எண்ணுவார்கள். வங்கிக் கடன், காப்பீடு, உபரிப் பொருள்கள், நீட்டித்த வாரண்டி, பழைய கார் மாற்று ஆகியவற்றுக்கும் தனித்தனியே தொகை உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் ஷோரூம் வெறிச்சோடும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் தை பிறந்த பிறகும் மூச்சுவிட நேரமிராது. எனவே ஒரு நல்ல மாதத்தின் வருமானத்தை வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் என்பதால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும், உங்கள் பங்கு 0.75%, நிறுவனத்தின் பங்கு 3.25%. வருங்கால வைப்பு நிதியும் பிடிப்பார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி ரெஃபரல். நம் செட்டிநாட்டுப் பகுதியில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே நடக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் குடும்பத்தினர் கல்யாணத்துக்கோ அறுபதாம் வயதுச் சாந்திக்கோ சில நாள் ஊருக்கு வருகிறார்கள். பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர், வழக்கமாக வண்டி ஓட்டுபவர், நம்பகமான மெக்கானிக் ஆகியோரின் சொல்லைக் கேட்டே வாங்க முடிவுசெய்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பதில் குற்றமில்லை. தரகு இந்த மண்ணுக்குப் புதியதும் இல்லை. ஆனால் பர்மாவிலும் மலாயாவிலும் நம்மூரார் வைத்திருந்த கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் முதலில் கற்றது குறிப்பு எழுதுவதைத்தான். முதலாளிக்காகக் கடையை நடத்திய மேலாள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பியபோது ஒவ்வொரு வரவும் பற்றும் முதலாளிக்குக் கணக்காக விரிந்தது. எழுதாமல் கைமாறும் தரகை அந்தக் கடைகள் பொறுத்திருக்காது.

இன்று அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி. நிறுவனம் விற்பனை ஊக்கத்துக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து, பரிந்துரைத்தவரின் வங்கிக் கணக்குக்கு, வவுச்சர் எழுதிப் போனால் அதில் எந்தக் கறையும் இல்லை. அப்படி ஒதுக்காத இடங்களில் டார்கெட்டுக்கு அஞ்சும் இளைஞன் தன் இன்சென்டிவிலிருந்து கொடுக்கத் தொடங்குகிறான். ஒரு காருக்கு 2,500 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைத்துவந்த மெக்கானிக்குக்கு 2,000 ரூபாய் போய்விட்டால், மீதி 500 ரூபாய் திருப்பத்தூருக்கும் கண்டனூருக்கும் அலைந்த பெட்ரோலுக்குக்கூடப் போதாது. அந்த இழப்பை ஈடுகட்ட அடுத்து அவன் செய்வது என்ன என்பதை நான் வவுச்சர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். வாங்குபவருக்குச் சேரவேண்டிய தள்ளுபடியை முழுமையாகச் சொல்லாமல் அதில் ஒரு பகுதியைத் தரகாக மடைமாற்றுவான். அல்லது கேட்காத உபரிப் பொருள்களைப் பில்லில் ஏற்றுவான். அல்லது ‘இங்கே காப்பீடு எடுத்தால்தான் டெலிவரி’ என்பான். காப்பீட்டை எங்கு எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை, அதை எந்த ஷோரூமும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பரிந்துரைத் தொகையைக் கடைசியில் செலுத்துவது, அதைப் பற்றி எதுவுமே அறியாத வாடிக்கையாளர்தான்.

ஆகையால் சேரும் முன் ரெஃபரல் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, தொகையை யார் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். ‘அதெல்லாம் நீயே பார்த்துக்கொள்’ என்று பதில் வந்தால், அந்த 14,000 ரூபாய் உங்கள் சம்பளம் ஆகாது என்று புரிந்துகொண்டு வேறு ஷோரூமைத் தேடுங்கள். சேர்ந்த பிறகு, அழைத்துவருபவரிடம் நிறுவனம் தரும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாக்களிக்காதீர்கள். தொடக்கத்தில் ஓரிரு வாடிக்கையாளர்கள் கைநழுவக்கூடும். ஆனால் டெலிவரி எடுத்துப் பிள்ளையார்பட்டியில் பூசை போட்ட குடும்பம், விலையில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று அறிந்தால், அடுத்த காருக்கும் தம் பங்காளி வீட்டுக் காருக்கும் உங்களையே அழைக்கும். அந்தப் பரிந்துரைக்கு அவர்கள் தரகு கேட்பதில்லை.

கேள்வி: பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு, வண்டியும் ஓட்டுகிறேன். வீட்டுக்கு உடைமைக்காரரான ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். ‘ஆச்சி கோயிலுக்குப் போய்வர ஒரு சின்னக் கார் பார்த்து வை, நீ சொல்வதை எடுக்கிறேன்’ என்றார். ஷோரூமில், ‘கார் எடுத்தால் உனக்கு 10,000 ரூபாய்’ என்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களே தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: வாங்கலாமா என்று யோசித்து எழுதியதற்காகவே உங்கள்மீது மதிப்பு வருகிறது. முதல் கேள்வி கேட்ட ஆசிரியர் சம்பந்தி வீட்டுக்காக வேலை செய்யவில்லை; அவர் தம் கருத்தைச் சொன்னார், முடிவு அவர்களுடையது. உங்கள் நிலை வேறு. உங்கள் தேர்வே முடிவாக அமையும்படி முதலாளி உங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறருக்காகச் செயல்படும் முகவர் அந்தக் காரியத்தில் பெறும் தொகைகளைப் பொறுப்புக் கொடுத்தவரிடம் கணக்குக் காட்டி ஒப்படைக்கவேண்டும் என்றும், அவருக்குத் தெரியாமல் முகவர் தம் பொருட்டு அடையும் ஆதாயத்தைப் பொறுப்புக் கொடுத்தவர் கோரலாம் என்றும் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்: அந்த 10,000 ரூபாய்க்காக ஆச்சிக்கு ஏறி இறங்க வசதியில்லாத காரை நீங்கள் அறியாமலேயே நல்லது என்று நினைக்கத் தொடங்கிவிடக்கூடும் என்பதே எனக்குக் கவலை.

எனவே இன்றே ஆச்சியின் மகனைத் தொலைபேசியில் அழைத்து, ஷோரூமில் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள். ‘நீயே வைத்துக்கொள்’ என்று அவர் சொன்னால், உங்கள் வங்கிக் கணக்கில் வரும்படி வாங்கிக்கொள்ளுங்கள், தலைநிமிர்ந்து வாங்கலாம். ‘விலையில் கழிக்கச் சொல்’ என்றால், அதைத் தனியாகக் கையில் தராமல் பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டும்படி கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18% என்பதால், வரிக்கு முந்தைய விலையில் 10,000 ரூபாய் குறைந்தால் அவர் செலுத்தும் தொகை 11,800 ரூபாய் குறையும். ஷோரூம்காரர் ‘பில்லில் குறைக்க முடியாது, உனக்கு வேண்டுமானால் தருகிறேன்’ என்று சொன்னால், அதையும் அவரிடம் சொல்லிவிட்டு, அதே காருக்கு மதுரையிலோ புதுக்கோட்டையிலோ இன்னொரு ஷோரூமின் விலையை எழுத்தில் வாங்கி அவருக்கு அனுப்புங்கள். எதை எடுப்பது என்று முடிவாவதற்கு முன், ஆச்சியை ஒருமுறை அழைத்துச்சென்று காரில் உட்காரவைத்துப் பாருங்கள்.