வாசகர் கேள்வி: வுர்லிட்சரில் கரகரப்பு

கேள்வி: பழைய வுர்லிட்சர் 200ஏ மின்பியானோ ஒன்றை வாங்கினேன். சில கட்டைகளை அழுத்தினால் கரகரக்கிறது. மின்சுற்றை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மின்சுற்றில் கைவைக்காதீர்கள். இக்கருவியில் சுத்தியல் தட்டும் எஃகு நாக்கு, ஏறத்தாழ 150 வோல்ட் மின்னழுத்தம் ஏற்றப்பட்ட உலோகத் தகட்டின் பிளவுக்குள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் தூசி சிக்கினாலே போதும், கரகரப்பு எழும். மின் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தங்கிய மின்னேற்றம் இறங்கிய பின்னர், காற்றை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நாக்கின் நுனியிலுள்ள ஈயப் பற்றை அரத்தால் இம்மியளவு குறைக்க, சுருதி ஏறும். அராவிய தூளே உள்ளே விழுந்து மறுபடியும் தொல்லை தருவது வழக்கம் என்பதால், சோம்பல் படாமல் நாக்கைக் கழற்றி வெளியே வைத்தே அராவுங்கள். விரிசல் விட்ட நாக்கை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும்.