வேரோடு விழுந்த பால் பல்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. கீழே முன்பற்கள் இரண்டு, அடிபடாமலே, ரத்தமும் வராமல் விழுந்துவிட்டன. 'சீக்கிரம் முளைச்சது, சீக்கிரம் விழுது' என்கிறார் மாமியார். கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விழுந்த பற்களைக் கூரைமேல் எறிந்துவிடவில்லையே? இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆறு வயதுவாக்கில் விழும் பால் பல்லில் வேர் கரைந்துபோய்த் தலை மட்டும்தான் மிஞ்சும். உங்கள் கையில் இருப்பது நீள வேரோடு ஆணி மாதிரி இருந்தால், மாமியார் கணக்கு சரிப்படாது.

ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற மரபணுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். 1948ல் ராத்பன் என்ற கனடா மருத்துவர் வைத்த பெயர். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி குறைவதால், பல்லைத் தாடையோடு பிணைக்கும் சிமென்டம் சரியாக உருவாகாது. சிலருக்குப் பல்லோடு நின்றுவிடும். சிலருக்குக் கால் எலும்பு வளையும், நடக்கத் தாமதமாகும்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு வில்லங்கம். இந்த நொதி குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால், குறைந்திருப்பதும் 'நார்மல்' என்றே தெரியும். வயதுக்கேற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள்.

டானிக்கா? இப்போது வேண்டாம். இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் கூடியிருக்கும். குழந்தைகள் பல் மருத்துவரிடம் போகும்போது அந்த இரண்டு பற்களையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள்.