கோத்தகிரி தேயிலை வரவுக் கணக்கு: போஸ்ட்கிரஸ் மாற்றிய பிறகு வினவல் மெதுவாகிறது

வணக்கம் சார். கோத்தகிரி தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை வரவுப் பட்டியல் சட்டென்று வந்துகொண்டிருந்தது, பிஜி அப்கிரேட் (pg_upgrade) என்ற கருவி மூலம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 11-ஆம் பதிப்பிலிருந்து 15-க்கு மாறியதும் மூன்று விநாடி ஆகிறது என்கிறீர்கள். புது சர்வர் வாங்க அவசரப்படாதீர்கள்.

நீங்கள் ஒட்டிய எக்ஸ்ப்ளெயின் அனலைஸில் (வினவல் எப்படி ஓடியது, நேரம் எங்கே போனது என்று காட்டும் அறிக்கை) கடைசியில் ‘ஜிட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது பாருங்கள். ஜிட் (JIT) என்பது வினவல் ஓடும்போதே அதன் பகுதிகளை இயந்திர நிரலாகத் தொகுக்கும் வசதி. மூன்று விநாடியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது, அதுவும் ஆப்டிமைசேஷன் (நிரலைச் செம்மையாக்குவது), எமிஷன் (இயந்திர நிரலை உருவாக்குவது) இரண்டிலும். தரவைப் படிக்க ஆகும் நேரம் சொற்பம். ஜிட் 11-லேயே வந்துவிட்டது. ஆனால் 12-லிருந்துதான் தானாகவே இயங்குகிறது. தொகுத்த நிரலை அது சேமித்து வைப்பதும் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகுக்கும். மாதத்துக்கொரு பார்ட்டிஷன் (அட்டவணையின் தனிப் பகுதி) வைத்திருக்கிறீர்கள், அதனால் தொகுக்க வேண்டிய ஃபங்ஷன்களும் அதிகம்.

வினவலுக்கு போஸ்ட்கிரஸ் முன்கூட்டியே மதிப்பிட்ட செலவு (பணமல்ல, வேலையின் அளவு) 1,00,000-ஐத் தாண்டினால் ஜிட் தொடங்கும், 5,00,000-க்கு மேல் போனால் செலவு மிகுந்த ஆப்டிமைசேஷனும் சேரும். உங்கள் வினவல் திட்டத்தில் எதிர்பார்த்த வரிசைகள் லட்சக்கணக்கில், வந்தவை சில நூறுதான். 15-க்கு மாற்றும்போது பிஜி அப்கிரேட் இந்த மதிப்பீட்டுக்குத் தேவையான புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது. அவற்றைப் புதிதாகச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டினீர்களா? எனக்கு அங்கேதான் சந்தேகம்.

முதலில் ஒரு செஷனில் மட்டும் ஜிட்டை ஆஃப் செய்து அதே வினவலை ஓட்டிப் பாருங்கள். நேரம் இறங்கினால் காரணம் உறுதி. அப்புறம் மொத்த டேட்டாபேஸுக்கும் அனலைஸ் கொடுங்கள். பிறகும் இழுத்தால் எடைமேடை ஆப் பயன்படுத்தும் ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) மட்டும் ஜிட்டை அணையுங்கள். ஆண்டு அறிக்கை போன்ற நீண்ட வினவல்களுக்கு அது உதவும், அங்கே இருக்கட்டும். அனலைஸுக்குப் பிறகு வரும் திட்டத்தை இங்கேயே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.