மரபணுச் சோதனை: முதலில் அம்மாவுக்கு

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 31. அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈப்போவில் சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். பெரியம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். எச்சிலை அனுப்பி மரபணு பார்க்கும் கிட் ஒன்று இணையத்தில் விற்கிறார்கள். அரை மாதச் சம்பளம் ஆகும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அல்ல, அம்மாவை.

உங்களுக்கு 'இல்லை' என்று முடிவு வந்தால் அதற்கு வெவ்வேறு காரணம் இருக்கலாம். அம்மாவின் மரபணுவில் உள்ள பழுது (நோய் தரக்கூடிய மாற்றம்) உங்களுக்கு வராமல் இருக்கலாம். அல்லது கிட் அந்த இடத்தைப் பார்க்காமலே விட்டிருக்கலாம். பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்பவை, பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள். சில கிட்டுகள் அவற்றில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமே பார்க்கின்றன. மரபணுவில் பெரிய துண்டே விடுபட்டிருந்தால் கண்டுபிடிக்கத் தனி முறை வேண்டும். அம்மாவின் இரத்தத்தில் பழுது தெரிந்துவிட்டால், பிள்ளைகளுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறையும். அப்போது 'இல்லை' என்று வந்தால் நம்பலாம். அம்மாவிடம் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு, ஆண் பிள்ளைக்கும்தான்.

அம்மாவின் அடுத்த அப்பாயின்மெண்டில், மரபணு ஆலோசனைக்கு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அப்பாயின்மெண்ட் முடிந்துபோயிருந்தால் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்து, அங்கிருந்து கடிதம் வாங்கலாம். மரபணு நிபுணர்கள் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "இரத்தத்தை ஈப்போவிலேயே எடுத்து அனுப்ப முடியுமா, ஆலோசனையைப் போனில் வைக்கலாமா?"

கையில் அம்மாவின் பயாப்சி (கட்டியின் துண்டை எடுத்துச் சோதித்த) அறிக்கை இருக்கட்டும். அதில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) மூன்றும் நெகட்டிவ் என்றிருந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள். மூன்று தலைமுறைக் குடும்பப் படமும் வேண்டும். அப்பா வழியை விட்டுவிடாதீர்கள், பழுது அந்தப் பக்கமிருந்தும் வரும். தோட்டத்துப் பழைய மரணப் பத்திரங்களில் பல நேரம் 'சாக்கிட் துவா' (முதுமை நோய்) என்றுதான் இருக்கும். அதோடு விடாமல், வயிறு வீங்கியதா, மார்பில் கட்டி இருந்ததா, அப்போது என்ன வயது என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

முடிவில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் அது பழுதுதான் என்று உறுதியாகவில்லை. அதை நம்பி அறுவைசிகிச்சைக்குப் போகக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தார் இருப்பதால், நம்மவர்களுக்கு இப்படி வருவது அதிகம். இது உங்கள் குறை அல்ல, தரவின் குறை. ஓரிரு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; பல மாற்றங்கள் பிறகு தீங்கற்றவை என்று தெரியவரும்.

இன்சூரன்ஸ் எடுக்கும் எண்ணமிருந்தால் சோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். சோதனை எப்போது நடந்தாலும், மார்பகப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்: இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, அதாவது 34 வயதில், மார்பக ஸ்கேன் தொடங்குவது வழக்கம். பழுது உறுதியானால் எம்.ஆர்.ஐ. அதற்கு முன்பே தொடங்கும்.