ஜெரமி பிரெட் கேள்வி பதில்: எதில் தொடங்குவது, எதைக் கடைசிக்கு வைப்பது

கிரனாடா டெலிவிஷன் 1984 முதல் 1994 வரை ஒளிபரப்பிய ஷெர்லக் ஹோம்ஸ் தொடர், அதில் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட், இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை. ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸும் அவர் பரம எதிரி மோரியார்ட்டியும் மோதுவது மட்டும் விதிவிலக்கு, அது ஊரறிந்த விஷயம்.

கேள்வி: மொத்தம் எத்தனை எபிசோடு? எந்த வரிசையில் பார்க்கணும்?

41. ஒரு மணி நேர எபிசோடு 36, முழுநீளப் படம் போல எடுத்தவை 5. ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள்:

'அட்வெஞ்சர்ஸ்' (1984–85), 13 எபிசோடு. 'ரிட்டர்ன்' (1986–88), 11 எபிசோடும் 'சைன் ஆஃப் ஃபோர்', 'ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்' என்ற இரண்டு பெரிய படங்களும். 'கேஸ்புக்' (1991), 6 எபிசோடு, அதைத் தொடர்ந்து 1992–93-ல் மூன்று பெரிய படங்கள். 'மெமாயர்ஸ்' (1994), 6 எபிசோடு.

புத்தக வரிசையில் பார்த்தால் குழம்பிவிடும். உதாரணத்துக்கு 'ரெட்-ஹெடட் லீக்'. மூலக்கதையில் மோரியார்ட்டி கிடையாது. தொடரில் அவரை உள்ளே கொண்டுவந்து, அதற்கு அடுத்த எபிசோடாக 'ஃபைனல் பிராப்ளம்' வைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அந்தப் பகை சூடு பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை, இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்: 'மெமாயர்ஸ்' தொடரை முதலில் தொடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பிரதியில் காட்சிகள் திடீர்னு தாவுது. எடிட்டிங்கே அப்படியா?

இல்லை, வெட்டுப்பட்ட பிரதி. ஒரு மணி நேர எபிசோடு விளம்பரம் போக 50 நிமிடத்துக்கு மேல் ஓடும். 45-ல் முடிந்தால் கத்தரி போட்டிருக்கிறார்கள். முதலில் பலியாவது ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெரு அறைக் காட்சிகள்தான். 'கதைக்குத் தேவையில்லை' என்று வெட்டுவார்கள், பிரெட்டின் நடிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, படம் 4:3 அளவில் எடுத்தது. திரை முழுக்க நிரம்பினால் முகம் அகலமாக இழுபட்டிருக்கும், அல்லது தலை வெட்டுப்பட்டிருக்கும். டிவி அமைப்பில் 4:3 வைத்துப் பாருங்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி.

கேள்வி: பிரெட் அவருடைய நிஜப் பெயர் இல்லையாமே?

பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். 1933 நவம்பர் 3, வார்விக்‌ஷயரில் பெர்க்ஸ்வெல் என்ற ஊரில் பிறந்தார். ராணுவ அதிகாரியான அப்பா, குடும்பப் பெயரோடு மேடையேறக் கூடாது என்றுவிட்டார். மகன் தன் கோட்டின் லேபிளில் இருந்த பெயரை எடுத்துக்கொண்டார். சிறுவயதில் அவருக்கு 'ர' ஒலி வராது. பதின்ம வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிறகு விடாமல் பயிற்சி எடுத்தார். ஹோம்ஸ் பேசும்போது ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனித்தனியாகத் தெறிப்பதை இதோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'மை ஃபேர் லேடி'யில் ஃப்ரெடியாக வருபவர் இவர்தானா? அந்தப் பாட்டு சொந்தக் குரலா?

அவரேதான், 1964. குரல் பில் ஷர்லி உடையது. பிரெட்டுக்குப் பாட வராது என்று நினைத்துவிட வேண்டாம். 1968-ல் பிபிசி எடுத்த 'மெர்ரி விடோ'வில் டானிலோ வேடத்தில் சொந்தக் குரலில் பாடினார்.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் பதில்.

கேள்வி: மற்ற ஹோம்ஸ்களிடம் இல்லாதது இவரிடம் என்ன?

நல்ல கேள்வி. 'பேக்கர் ஸ்ட்ரீட் ஃபைல்' என்று 77 பக்கத்தில் ஒரு கோப்பை கிரனாடா தயாரித்தது. ஹோம்ஸ் என்ன உடுத்துவார், எதைப் புகைப்பார், எப்படி உட்காருவார் என்று மூலக்கதைகளிலிருந்து பொறுக்கிய குறிப்புகள். பிரெட்டுக்கு அதுதான் வேதம். திரைக்கதை மூலத்தைவிட்டு விலகினால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தளத்திலேயே வாதாடுவார். ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் மான்வேட்டைத் தொப்பி லண்டன் தெருவில் தலைகாட்டாததும் இந்தப் பிடிவாதத்தால்தான். நகரத்தில் உயரத் தொப்பி, கிராமப்புறம் போனால் மட்டும் மற்றது.

உடம்பால் நடிப்பவர் அவர். வாடிக்கையாளர் பேசும்போது கண்ணை மூடி அசையாமல் கிடப்பார். ஒரு சொல் மாட்டினால் போதும், சோபாவின் முதுகைத் தாண்டிக் குதிப்பார். இந்த அசைவின்மைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே எதுவும் இருக்காது. அவரைப் பார்த்து நடிப்பவர்கள் பாய்ச்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கோமாளித்தனமாகிவிடுகிறது.

கேள்வி: டேவிட் பர்க்தான் உண்மையான வாட்சன். எட்வர்ட் ஹார்ட்விக் சோகையான மாற்று. ஒத்துக்கொள்வீர்களா?

மாட்டேன். ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக பர்க் முதல் 13 எபிசோடுகளில் இருந்தார், பிறகு ஹார்ட்விக் வந்தார். பர்க் மனைவியோடு ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகக் குழுவில் சேர்வதற்காக விலகினார். துடிப்பானவர், ஹோம்ஸ் சீண்டினால் முகத்தில் உடனே காட்டுவார். அதற்குமுன் பல படங்களில் வாட்சனை அசட்டு மாமாவாக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கறையைத் துடைத்த பெருமை பர்க்குக்குத்தான். அதற்காக ஹார்ட்விக் சோகையா?

கேள்வி (அதே நண்பர்): ஹார்ட்விக் முகத்தில் உணர்ச்சியே இல்லையே. 'ஃபைனல் பிராப்ளம்' கடைசியில் பர்க் நிற்பதைப் பாருங்கள்.

பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். நீங்கள் 'டெவில்ஸ் ஃபுட்' (1988) பாருங்கள். விஷப் புகையை ஹோம்ஸ் தன்மேலேயே சோதிக்கும் இடம். மாயக் காட்சிகளில் மூழ்கிப் போனவரை வாட்சன் இழுத்து வெளியே கொண்டுவருகிறார். தெளியும்போது ஹோம்ஸ் வாயிலிருந்து வருவது "ஜான்!" மூலக்கதையில் ஹோம்ஸ் அவரை 'வாட்சன்' என்றுதான் அழைப்பார், முதற்பெயர் வாயில் வராது. அந்த ஒரு சொல் பலிக்க, எதிரில் இருப்பவர் வருஷக்கணக்காகப் பொறுத்துப் போனவராகத் தெரிய வேண்டும். ஹார்ட்விக் அப்படித் தெரிகிறார். பர்க் இருந்திருந்தால் அந்தக் காட்சியில் அவரும் சேர்ந்து கொதித்திருப்பார்.

கேள்வி (வேறொருவர்): இரண்டு பேரும் சரிதான், கதைக்கு ஏற்ற மாதிரி.

சமரசம் பேசினால் சுவாரஸ்யம் போய்விடும். ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு: அருவிக்கு முந்தைய ஹோம்ஸுக்கு ஈடுகொடுத்து ஓட ஆள் வேண்டும், பிந்தைய ஹோம்ஸுக்குத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். 'கோல்டன் பான்ஸ்-நே' எபிசோடில் வாட்சனே கிடையாது, ஹார்ட்விக் 'ஷேடோலேண்ட்ஸ்' படத்தில் இருந்தார். சார்ல்ஸ் கிரே ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக வந்து இடத்தை நிரப்பினார். அந்த வெற்றிடத்தைப் பார்த்தபின் 'சோகை' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹோம்ஸ் போதை ஊசி போடுவதைக் காட்டினார்களே, சிறுவர்கள் பார்க்கலாமா?

சிறுவர்களும் பார்க்கிறார்கள் என்று பிரெட்டுக்கே உறுத்தியது. மூலக்கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலின் மகள் ஜீனிடம் அனுமதி பெற்று, அதே 'டெவில்ஸ் ஃபுட்'டில் கார்ன்வால் கடற்கரை மணலில் ஊசியைப் புதைத்துவிட்டார்கள்.

கேள்வி: பிபிசியின் 'ஷெர்லக்' தொடரில் ஹோம்ஸாக வந்த கம்பர்பேட்ச் பெரியவரா, இவரா?

அடுத்த கேள்வி.

கேள்வி: 'மெமாயர்ஸ்'தான் பார்த்தேன். தடித்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு... இவரையா எல்லோரும் கொண்டாடுகிறீர்கள்?

தொடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான். இளமையில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவர் இதயத்தைப் பாதித்திருந்தது. 1985 ஜூலையில் இரண்டாம் மனைவி ஜோன் வில்சன் இறந்தார். 'ரிட்டர்ன்' படப்பிடிப்பு அதற்குப் பின்தான். அந்தக் காலத்தில் மனநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்ந்தார், மனநிலை ஏறி இறங்கும் பைபோலார் நோய் என்று தெரிந்தது, அதற்கு லித்தியம் மருந்து எடுக்கத் தொடங்கினார். உடலில் நீர் கோத்துக்கொண்டது, பலவீனமான இதயத்துக்கு அது சுமை. 'மஸாரின் ஸ்டோன்' எடுக்கும்போது நோய் முற்றி, அவர் செய்ய வேண்டிய துப்பறிதலை மைக்ராஃப்டுக்கு மாற்றி எழுதினார்கள். 1995 செப்டம்பர் 12-ல் லண்டன் வீட்டில் இதயம் செயலிழந்து இறந்தார். வயது 61.

முதல் 13 எபிசோடு பார்த்துவிட்டு வந்தால், கடைசி ஆறில் அதே மனிதர் குரலாலும் விரல்களாலும் மட்டும் எதையெல்லாம் காப்பாற்றுகிறார் என்று தெரியும். வெறுமனே போய்ப் பார்த்தால் உடம்பு மட்டும்தான் கண்ணில் படும்.

கேள்வி: அப்போ லித்தியம்தான் கொன்றதா? என் உறவினரும் எடுக்கிறார், நிறுத்தச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். ஏற்கெனவே பழுதான இதயம் அவருடையது. உங்கள் உறவினருக்கு உரிய பதில் அவருடைய டாக்டரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

கேள்வி: எந்த வரிசையில் பார்க்கலாம் சார்?

மேலே போங்கள் சார்.

கேள்வி: ஹோம்ஸ் தவிர எதைப் பார்க்கலாம்?

1979-ல் பிபிசி எடுத்த 'ரெபெக்கா'. மாக்ஸிம் டி வின்டர் இவர். டான்வர்ஸ் அம்மாளாக வருபவர் அன்னா மாஸி, பிரெட்டின் முதல் மனைவி, 1962-லேயே மணவிலக்கு ஆனவர். அடுத்து 1956-ன் 'வார் அண்ட் பீஸ்', அதில் இளம் நிக்கலாய் ரஸ்தோவ். மேடையில் செய்த ஒன்று இப்போது பார்க்கக் கிடைக்காது: 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'குரூஸிஃபர் ஆஃப் பிளட்' நாடகம். ஹோம்ஸ் சார்ல்டன் ஹெஸ்டன், வாட்சன் நம்மவர். பர்க் கட்சி நண்பருக்கு, மூன்றாவது வாட்சனாக இவரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.