கார்ப்பெட்டில் எடுத்த கறை மறுநாள் திரும்பி வருகிறதே, என்ன செய்வது?

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வீடு மாறியிருக்கிறீர்கள். கார்ப்பெட்டில் கொட்டிய தேத்தண்ணியைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் போய்விடுகிறது, மறுநாள் அதே இடத்தில் பழுப்பாக எட்டிப் பார்க்கிறது என்கிறீர்கள். மஞ்சள், இரத்தம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து பங்களாக்களிலும் விடுதிகளிலும் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். பாதிப் பிரச்சினை நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான்.

தண்ணீர் அதிகமானால் தேத்தண்ணிச் சாயம் நூலின் அடிக்கு இறங்கிவிடும். மேலே பார்த்தால் சுத்தம். பிறகு ஈரம் காயக் காய அடியிலிருந்து நூல் வழியே மேலே ஏறி, நுனியில் ஆவியாகிப் போகும். சாயம் மட்டும் நுனியிலேயே தங்கிவிடும். கொழும்பு வெயிலுக்கும் ஃபேனுக்கும் மாலைக்குள் காய்கிற கார்ப்பெட், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஜூன் ஜூலை மழையும் பனிமூட்டமுமாக இருக்கும்போது நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடிப்பக்கம் சணலாக இருந்தால் இன்னும் மோசம். சணலின் சொந்தப் பழுப்பும் சேர்ந்து மேலே வரும், அப்புறம் பூஞ்சண வாடை.

அதனால் கொட்டியவுடன் வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தும்பு பிரஷ் பக்கமே போக வேண்டாம். வெறும் பிளேன்டீ என்றால், ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். நிறமில்லாத வினாகிரியாக இருக்கட்டும்; தென்னை வினாகிரிக்குச் சில நேரம் அதன் நிறமே உண்டு. பால்மா போட்ட தேத்தண்ணி என்றால் கொழுப்பும் புரதமும் இருப்பதால், முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒற்றி, அதன்பிறகு வினாகிரிக்குப் போங்கள். கட்டிச் சவர்க்காரம் மட்டும் வேண்டாம், அது தேயிலைக் கறையை நிலைக்கவைத்துவிடும். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். சவர்க்காரப் பசை மிஞ்சினால் அந்த இடம் அழுக்கை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பலர் விட்டுவிடும் வேலை இனிமேல்தான். மடித்த வெள்ளைத் துவாயைக் கறையின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு பொலித்தீன் தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள். இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மேலே ஏறும் சாயத்தைத் துவாய் வாங்கிக்கொள்ளும். திரும்பி வரும் கறைக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. காலையில் துவாயை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் காற்றுப் போகும்படி மணையோ செங்கல்லோ வையுங்கள்.

மஞ்சள் வேறு ரகம். சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும், பயப்பட வேண்டாம். வினாகிரி பட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆனால் நிறம் மாறுவதால் கறை போனதாகாது. கறியில் எண்ணெயும் இருப்பதால் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுத்துவிட்டு, மிச்சத்தை வெயிலிடம் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே நல்ல வெயில் அடிக்கும். மற்ற மாதங்களில் சன்னல் ஓரம்தான் கதி.

இரத்தம் என்று கேட்டது அட்டைக்கடி என்று வைத்துக்கொள்கிறேன், மழைக்காலத்தில் தேயிலைப் பக்கம் போய்வந்த கால்களுக்கு அதுதானே நடக்கும். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் பாவியுங்கள். சுடுதண்ணீர் பட்டால் இரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். இளநிறச் செயற்கை நூல் கார்ப்பெட்டில் மிச்சம் தெரிந்தால், ஃபார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டை, கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்த்தபின் சில சொட்டு விடலாம். அட்டைக்கு உப்புப் போடும் வேலையை வாசலிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரண்ட் போன இரவில் சிந்திய மெழுகுதிரியா? ஐஸ் வைத்து இறுகவிட்டு, கரண்டியால் பெயர்த்து எடுங்கள். மிச்சத்துக்கு மேல் வெள்ளைத் தாள் வைத்து, இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து எடுங்கள். சேற்றுக்கு அவசரமே வேண்டாம். நன்றாகக் காயட்டும், உதிர்த்து வெக்யூம் பிடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

உங்கள் கார்ப்பெட் எந்த நூல் என்று நீங்கள் எழுதவில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் வாடை வந்தால் கம்பளி. உருகி உருண்டையானால் செயற்கை நூல். கம்பளி என்றால் குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் அறவே கூடாது, நூலையே அரித்துவிடும். ஈர வெள்ளைத் துணியால் ஒற்றும்போது கார்ப்பெட்டின் நிறமே துணியில் ஏறினால், அத்தோடு நிறுத்திவிட்டு, கம்பளி விரிப்புக் கழுவத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.