நாயின் பல்லும் ஈறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் நாயின் வாய் நாறுகிறது. நாங்கள் கொப்பளிக்கும் மவுத்வாஷையே அதற்கும் விடலாமா? (ஹட்டன்)

வேண்டவே வேண்டாம். நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. விட்டதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். மனிதருக்கான மவுத்வாஷ் சிலவற்றில் மதுசாரம் இருக்கிறது. சிலவற்றில் இனிப்புக்காக சைலிடோல் சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தத்தில் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். நம் பற்பசைக்கும் இதே கதிதான். முதலில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ, தொட்டதும் இரத்தம் கசிந்தாலோ மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியர் குளோர்ஹெக்சிடின் எழுதித் தந்தார். எப்படிப் போடுவது? (தலவாக்கலை)

நல்ல மருந்து. கிருமிகள் பல்லில் கட்டும் மெல்லிய படலத்தைத் தடுப்பதில் பெயர் பெற்றது, ஏனென்றால் பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும். வாய்க்குப் பெரும்பாலும் 0.12 வீதக் கரைசலைத்தான் தருவார்கள். காயம் கழுவும் கிருமிநாசினிப் போத்தலிலும் இதே பெயர் இருக்கலாம். அதை வாயில் விட்டுவிடாதீர்கள்.

வாயைப் பிளக்கத் தேவையில்லை. நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேலுதட்டின் ஓரத்தை விரலால் தூக்குங்கள். பின்பக்கம் ஒரு பெரிய பல் தெரியும். அதன் அருகில்தான் உமிழ்நீர்க் குழாய் திறக்கிறது, அழுக்கும் அங்கேதான் அதிகம் கட்டும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சிரிஞ்சைக் கண்டு மிரளும் நாய் என்றால், விரலில் சுற்றிய துணியை மருந்தில் நனைத்துத் தடவலாம். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். கண்ணில் மட்டும் பட விடாதீர்கள்.

மருந்து கசக்கும், அதனால் எச்சில் வடிந்தால் பயப்பட வேண்டாம். நீண்ட நாள் போட்டால் பல்லில் மண்ணிறக் கறை விழும்; வைத்தியர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். நாய்களுக்கான பற்பசையும் பாவிக்கிறீர்களா? அப்படியென்றால் இரண்டுக்கும் இடையே அரை மணி நேரமாவது விடுங்கள். நுரை தரும் சில பொருட்கள் இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

எட்டு வயது பொமரேனியன். பல்லெல்லாம் மஞ்சள் காறை. மருந்து விட்டால் கரையுமா? (பண்டாரவளை)

கரையாது. மெத்தென்ற படலம் இரண்டு மூன்று நாளிலேயே உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் படிந்து இறுகத் தொடங்கும். இறுகியதை எந்தத் திரவமும் கழுவாது. ஈறுக்கு அடியிலும் மருந்து போய்ச் சேராது, பல்லைத் தாங்கும் எலும்பு அரிபடுவதோ அங்கேதான். சின்ன இன நாய்களுக்கு இந்த நோய் கூடுதலாக வரும். மயக்க மருந்து கொடுத்து முறையாகச் சுத்தம் செய்வதுதான் வழி. உங்கள் வைத்தியரிடம் இப்போதே பேசுங்கள். தேவையென்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்று அவரே சொல்வார்.

பிளேடாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஈறு கிழியும், அப்புறம் அந்த நாய் வாயைத் தொடவே விடாது. பல்வலி உள்ள நாய் ஒரு பக்கமாக மெல்லும், எடுத்த சோற்றைக் கீழே போடும். வயது போய்விட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். பாவம், அது பட்டினியோடு வலியையும் தாங்குகிறது.

உப்பும் கராம்புத் தூளும் தேய்க்கலாமா? (பதுளை)

கூடாது. கராம்பு நாயின் வாயை எரிக்கும், உப்பை அது விழுங்கிவிடும். வெறும் தண்ணீர் போதும்.

லயத்தில் வளரும் நாய். எலும்பு கடிக்கிறதே, அது போதாதா? (மஸ்கெலியா)

கெட்டியான எலும்பைக் கடிக்கும்போது, மேலே சொன்ன அந்தப் பெரிய பல்லே பிளந்துவிடலாம். மருந்தும் துணைக்குத்தான். தினமும் தேய்ப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. குழந்தைகள் பாவிக்கும் மென்மையான பிரஷ் ஒன்று வாங்குங்கள். இல்லையா, பழைய பருத்தித் துணியை நனைத்து விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து சோறு போடுவதற்கு முன் பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். சோற்றுக்காகக் காத்திருக்கும் நாய் அந்த நேரத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.